கோட்டைக்குப் போன பித்தம்

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டிக்கொண்டு, சீட்டித் துணியும் வெடிமருந்தும் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் குப்பம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து கோட்டை வாசல் காவல்காரன்கூட அவள் கூடையைக் கிளறிப் பார்க்கமாட்டான். தினமும் காலையில் கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து அரிந்து கொடுத்துவிட்டு வருவாள். உலாந்தாக்காரர்களைப் பற்றி அவளுக்கு வெகுநாளாக ஒரே அபிப்பிராயம்தான். முள் எடுக்கத் தெரியாதவனுக்கு மீன் எதற்கு?

அவள் புருஷன் பொன்னுரங்கம். கட்டுமரத்தில் ஏறிவிட்டால் நல்ல வேலைக்காரன். கரையில் இறங்கிவிட்டால் தன் பெருமையைக் கேட்க ஆள் தேடுகிறவன். அதையும் அவள் வெகுநாளாக அறிந்து வைத்திருந்தாள்.

ஒரு பங்குனி விடியலில் முகத்துவாரத்துக்கு வெளியே அவன் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, கொடுவா துரத்திய முரல் மீன் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியது. முரலின் அலகு ஊசி போல நீளமானது. அது வந்த வேகத்தில் பொன்னுரங்கத்தின் வலது விலாவுக்குக் கீழே குத்தி, உள்ளேயே ஒடிந்துபோயிற்று. கூட இருந்த கேசவன் அவனைக் கட்டுமரத்தில் கிடத்தி, பக்கத்தில் இருந்தது கோட்டைதான் என்பதால் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கோட்டையில் கொர்னேலிஸ் என்று ஒரு ரணவைத்தியன் இருந்தான். காலையில் சிப்பாய்களுக்குத் தாடி வழிப்பான், மத்தியானம் கட்டி கீறுவான். இரண்டுக்கும் கத்தி ஒன்றுதான். அவன் இடுக்கியைப் போட்டு, ஒரு சாண் நீள அலகை உடையாமல் உருவி எடுத்தான். அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் குப்பம்மாள் அவனைக் கடைசிவரை முழுசாகத் திட்டாமல் விட்டு வைத்திருந்தாள்.

காயத்தோடு வந்த காய்ச்சல் ஒரு மாதத்தில் இறங்கிற்று. காயம் மட்டும் மூடவில்லை. அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு கைப்பு நீர் கசிந்துகொண்டே இருந்தது. அதோடு சில வேளை தெளிந்த நீர் ஒன்றும் வந்தது. பார்க்க இளநீர் போல இருக்கும். ஆனால் பட்ட இடத்தில் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கொர்னேலிஸ் அதைப் பார்த்துவிட்டு அழுகிற புண்ணைப் பார்த்தவன் போல முகம் சுளிக்கவில்லை. புதையல் கண்டவன் போல ஆனான். வாத்து இறகின் தண்டை நறுக்கி இரண்டு குழாய் செய்தான். ஒன்றை மேலாகவும் மற்றதை ஆழமாகவும் காயத்துக்குள் செருகினான். மேல் குழாயில் பச்சை நீர் வந்தது, ஆழக் குழாயில் தெளிந்த நீர் வந்தது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கண்ணாடிக் குப்பி கட்டி, பொன்னுரங்கத்தின் இடுப்பில் தொங்கவிட்டான். தினமும் சாயங்காலம் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், விரலை முக்கி நாக்கில் வைப்பான், கண்ணை மூடி யோசிப்பான், எழுதுவான்.

"அவன் ஊர்ல சோறு இல்லியா?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

கோட்டையின் துபாஷி சுப்பராயலுதான் நடுவில் நின்று இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவர். அவர் பெருமூச்சு விட்டார். "தொரை பெரிய படிப்பு படிச்சவரும்மா. லெய்டன்னு ஒரு ஊரு. அங்க இதுக்குன்னே பண்டிதருங்க கீறாங்க. அந்தப் பச்சைத் தண்ணி பித்தம். ஈரலோட கழிவு. இன்னொண்ணு வவுத்துக்குப் பின்னால ஒரு சதைத் துண்டு கீதாம், அதுலேர்ந்து வருதாம். அந்தத் துண்டுக்கு அவங்க வெச்ச பேருக்கு 'எல்லாம் கறி'னு அர்த்தமாம்."

"பேர் வெக்கறதுக்கா படிச்சாங்க?"

துபாஷி துரையிடம் நீளமாக ஏதோ சொன்னார். கொர்னேலிஸ் சிரித்துத் தலையசைத்தான்.

"இன்னா சொன்னீங்க?"

"உங்க கல்வி சமுத்திரம் மாதிரின்னு அந்தம்மா சொல்றான்னேன்."

"நல்லா சொன்னீங்க. நாக்கு அழுவிடப் போவுது."

பொன்னுரங்கத்துக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வேலை இல்லை. கோட்டைச் சமையலிலிருந்து அரிசிச் சோறு வந்தது. துரை கொழுப்பு ஊறிய மாட்டிறைச்சியும் வெண்ணெயும் அனுப்பி வைத்தான், தேறட்டும் என்று. கணக்குப்பிள்ளைகளும் கப்பல்காரர்களும் வந்து குனிந்து குழாயைப் பார்த்தார்கள். அவன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு காட்டுவான். முரல் எவ்வளவு நீளம் என்று கை விரித்துக் காட்டுவான். ஒவ்வொரு வாரமும் அந்த முரல் ஒரு முழம் வளர்ந்தது.

ஆனால் அவன் இளைத்துக்கொண்டே போனான். தின்ற கொழுப்பெல்லாம் அப்படியே இறங்கிற்று. மலம் வெள்ளைக் களிமண் போல, எண்ணெய் மிதக்க, நாற்றம் ஆளைத் தூக்கியது. சட்டி கழுவுகிறவள் குப்பம்மாள். துரை குப்பியைத்தான் பார்த்தான், சட்டியைப் பார்க்கவில்லை. ஆடி பிறந்தபோது பல் ஈறில் ரத்தம் கசிந்தது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிக் கறுத்தது. பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. முதலில் நிரம்பி வழிந்த பச்சைக் குப்பி முக்கால் ஆயிற்று, பிறகு பாதி ஆயிற்று, பிறகு அடியில் நாலு விரல் நின்றது. தெளிந்த நீரும் அதே மாதிரி சுருங்கிற்று. கொர்னேலிஸ் குப்பம்மாளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினான்.

"பித்தத்த எடுத்துகினு போறியான்னு தொரை கேக்கறாரு" என்றார் துபாஷி.

"எடுத்துகினு போயி கொழம்பு வெக்கவா? கழிவுன்னாரே, கழிவுன்னா நாளுக்கு நாள் இன்னாத்துக்குக் கொறையுது? ஒரு ஊட்ல சாக்கடை வத்திப் போச்சுன்னா அந்த ஊட்ல அடுப்பு எரியலன்னு அர்த்தம். அத்த கேளுங்க உங்க சமுத்திரத்த."

துபாஷி கேட்கவில்லை. வெயில் அதிகம் என்பதால் இருக்கலாம் என்று அவரே ஒரு காரணம் சொல்லிச் சமாளித்தார். துரை அதையும் எழுதிக்கொண்டான்.

ஆவணியில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் தலைவன் ஒருவன் விருந்துக்கு வந்தான். அவன் முன்னால் குழாய் பீச்சியடிக்க வேண்டும் என்று கொர்னேலிஸுக்கு ஆசை. நாலு சொட்டு விழுந்தால் மரியாதை என்ன ஆவது? அதனால் முதல் நாளே இரண்டு குழாயின் வாயையும் தேன்மெழுகால் அடைத்துவிட்டான். உள்ளே தேங்கட்டும் என்று.

அன்றைக்குப் பொன்னுரங்கம் நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்றான். கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தான். மறுநாள் காலையில் சட்டியைக் கழுவப் போன குப்பம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். களிமண் இல்லை. மனுஷன் மலம் போல மஞ்சள் பாரித்திருந்தது.

ஆனால் விலா வீங்கி, உடம்பு சுட்டது. மத்தியானம் விருந்தாளிகள் முன்னால் கொர்னேலிஸ் மெழுகைப் பிடுங்கினான். பச்சை நீர் பீய்ச்சிக்கொண்டு போய்க் கப்பல் தலைவனின் பட்டுக் காலுறையை நனைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னுரங்கம் வலியோடு பல்லைக் காட்டினான்.

தேங்கியது வடிந்த பிறகும் அது நிற்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. அன்று மாலைவரை இரண்டு குழாயும் விடாமல் சொட்டின. குப்பி மாற்றியவள் குப்பம்மாள், அதனால் அவளுக்குத் தெரியும். மறுநாள் குறைந்தது, அதற்கு மறுநாள் பழையபடி நாலு விரல். சட்டியிலும் பழைய களிமண். கொர்னேலிஸ் பஞ்சாங்கம் போல ஒன்றைப் புரட்டிப் பார்த்து, அன்று பௌர்ணமி என்று கண்டுபிடித்தான்.

"பௌர்ணமியாம்" என்று குப்பம்மாள் சமையற்கட்டில் மீனிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது?

அவளுக்கு விஷயம் அவ்வளவு சிக்கலாகப் படவில்லை. வெளியே எடுத்தால் குறைகிறது. உள்ளே போனால் பெருகுகிறது. ஒரே தண்ணீர்தான் வயிற்றுக்குள் போய், வேலை முடித்து, ஈரலுக்குத் திரும்பி, மறுபடி வருகிறது. அது வந்தால்தான் அந்தத் தெளிந்த நீருக்கும் அழைப்பு போகிறது. அதைப் பிடித்துப் பிடித்துக் குப்பியில் அடைத்தால் மறுபடி வர எதுதான் இருக்கும்? மெழுகால் அடைத்தால் காய்ச்சல் வருகிறது, சரி. வாய் என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் காலையில் பச்சைக் குப்பியை அவிழ்த்து, புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடி."

"இன்னாது?"

"உன்னுதுதான். குடி."

"பித்து பிடிச்சிருச்சாடி ஒனக்கு? மீன் அரியறப்போ பித்து ஒடைஞ்சா மீனையே தூக்கி எறியுற. என் பித்தத்த என்னையே குடிக்க சொல்றியா? தொரைக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"தொரைக்கு இன்னா ஆவும்னு பாக்கற. நேத்து பொழுது சாஞ்சப்போ என் மூஞ்சி தெரிஞ்சுதா ஒனக்கு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பல்லு வெளக்குனா ரத்தமா துப்பற. வர்றவன் போறவன்லாம் ஓட்டையத்தான் பாக்கறான், ஓட்டையச் சுத்தி இருக்கிற ஆளப் பாக்கல. நீயும் பாக்கல. இன்னும் ரெண்டு மாசம் போனா ஓட்டைதான் மிஞ்சும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். குமட்டிக்கொண்டு வந்தது. வாயில் பனைவெல்லத்தைத் திணித்து, மேலே கஞ்சியை ஊற்றினாள். கொஞ்ச நேரம் போயிற்று. மேல் குழாய் சொட்ட ஆரம்பித்தது. ஆழக் குழாயும் பின்னாலேயே சொட்டிற்று. அன்று வந்ததையும் மறுநாள் அவனுக்கே கொடுத்தாள். வெறும் கஞ்சி கொடுத்த வேளைக்கும் பித்தத்தோடு கொடுத்த வேளைக்கும் வித்தியாசம் குப்பியிலேயே தெரிந்தது. தெளிந்த நீரை அவள் சீண்டவில்லை. அதைத் துரையே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள் சட்டி மஞ்சளாயிற்று. பத்துப் பதினைந்து நாளில் ஈறு ரத்தம் நின்றது. புரட்டாசி நடுவில் ஒரு சாயங்காலம், "அது யாரு படகுப் பாய், சிவப்பு ஒட்டு போட்டது?" என்று ஏரியைப் பார்த்து அவன் கேட்டான். குப்பம்மாள் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்துவிட்டால் அதையும் வருகிறவர்களிடம் சொல்வான்.

துரைக்குத் தினமும் ஒரு குப்பி பித்தம் வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. கோட்டைச் சமையற்கட்டில் அவள் அரிந்த கெளுத்தியின் பித்தும் மடவையின் பித்தும் நாய்க்குக்கூடப் போகாமல் கிடந்தன. உடைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு, தண்ணீர் விட்டு, குப்பியில் நிரப்பி வைத்தாள். கொர்னேலிஸ் வழக்கம்போல விரலை முக்கி நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு வேகமாக எழுதினான்.

துபாஷி அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, வெளியே வந்து குப்பம்மாளைப் பிடித்துக்கொண்டார். "மீன் வாடை அடிக்குதுன்னு எழுதறாரும்மா. ஏரிக்கரை ஜனங்க மீனையே துன்னு துன்னு அவங்க பித்தமே மீன் பித்தமா மாறிப்போச்சாம். யாருமே இத்தக் கண்டுபிடிக்கலியாம். கப்பல் கெளம்பறதுக்குள்ள ஒரு ஜாடி அனுப்பப் போறாரு." குரலைத் தாழ்த்தினார். "நீ கெளுத்தி பித்த ஒடைக்கறத நான் பார்த்தேன்."

"சொல்லுங்களேன்."

"சொல்லாம?"

"சொல்லுங்க. அப்பால நானும் கோட்டையில தமிழ் தெரிஞ்ச வெள்ளக்காரன் எவனையாச்சும் புடிச்சி, நான் சொன்ன ஒவ்வொண்ணையும் நீங்க இன்னான்னு மாத்துனீங்கன்னு கேட்டுக்கறேன்."

துபாஷி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பொன்னுரங்கம் தேறியது துரையின் கண்ணிலும் பட்டது. கன்னத்தில் சதை வைத்தது. காயமும் உள்ளிருந்து குறுகி, இறகுத் தண்டை நெருக்கிற்று. எல்லாம் தன் வெண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் செய்த வேலை என்று கொர்னேலிஸ் முடிவு செய்தான். காயம் மூடிவிடக் கூடாது என்றும் முடிவு செய்தான். கத்தியால் வாயை அகலப்படுத்தி, மழைக்கு முன் புறப்படும் கப்பலில் ஆளையே கடல் தாண்டி உலாந்தாத் துறைமுகமான பதாவியாவுக்குக் கூட்டிப் போய், அங்கிருந்து லெய்டனுக்குக் கொண்டுபோய்ப் பண்டிதர்கள் முன்னால் நிறுத்தப்போவதாகச் சொன்னான்.

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. "கம்பளிச் சட்டை தருவாங்களாம்டி. பொத்தான் வெச்சது."

குப்பம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கோட்டையிலேர்ந்து கப்பல் ஏத்துன நம்ம ஜனத்துல திரும்பி வந்தவன் ஒருத்தன் பேரச் சொல்லு. ஒருத்தன். நான் இங்கேயே குந்தினு கீறேன்."

அவன் யோசித்தான். கோட்டைக்குப் பின்னால் விலங்கு மாட்டி உட்காரவைத்து, கப்பலில் ஏற்றப்பட்டவர்களை அவனும்தான் கட்டுமரத்திலிருந்து பார்த்திருக்கிறான். திரும்பி வந்து இறங்கியவர்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவள் நேரே துரையின் அறைக்குப் போனாள். "துபாஷியாரே, இந்த ஒரு வாட்டி நான் சொல்றத அப்படியே சொல்லணும். தேன் தடவக் கூடாது." சுப்பராயலு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அவள் சொன்னாள். பித்தம் கழிவு இல்லை. உள்ளே போனதுதான் மறுபடி வருகிறது. உள்ளே போகாவிட்டால் அதுவும் வற்றும், மற்றதும் வற்றும், ஆளும் வற்றுவான். தேற்றியது வெண்ணெய் இல்லை, அவன் பித்தம்தான். நம்பாவிட்டால் பார். காலையிலிருந்து பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தாள். துரையின் மேஜை முன்னால் அவனை நிறுத்தி, முதல் நாள் பிடித்து ஒளித்து வைத்திருந்த உண்மையான பித்தத்தைக் குடிக்கக் கொடுத்தாள்.

மூன்று பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் கடிகாரம் ஒரு தடவை வடிந்தது. அரிதாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்கள் வேகம் பிடித்தன. முதலில் பச்சை, பிறகு தெளிந்த நீர். ஒரு சொட்டு விழுவதற்குள் அடுத்தது திரண்டது. துபாஷி வாயைத் திறந்தபடி நின்றார். பொன்னுரங்கம்கூட முதல் தடவையாகக் குனிந்து தன் வயிற்றைத் தானே பார்த்தான்.

கொர்னேலிஸும் பார்த்தான். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடிற்று. பிறகு எழுந்து, அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தின் முதுகில் கை வைத்துக்கொண்டு பேசினான்.

துபாஷி தேன் தடவாமல் சொன்னார். "அப்படி ஒண்ணு இருந்துதுன்னா லெய்டன் பண்டிதருங்க இந்நேரம் எழுதியிருப்பாங்களாம். எழுதலியாம். அதனால இல்லியாம். நேத்து உன் புருஷனுக்கு ஒரு கிண்ணம் சாராயம் கொடுத்தாராம், அதோட வேகம்தான் இதாம். மீன் அரியறவ மீன் அரியட்டும்னு சொல்றாரு."

குப்பம்மாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கோபம்கூட வரவில்லை. கண்ணெதிரே சொட்டுவதைவிடக் கடல் தாண்டி இருக்கிற புத்தகம் பெரிதாகத் தெரிகிறவனிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் விடிந்ததும் கூடையோடு கோட்டைக்குள் போனவள், திரும்பும்போது கூடையைப் புருஷன் தலையில் ஏற்றியிருந்தாள். கையில் அரிவாள்மணையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். காவல்காரன் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தான். கேசவன் கட்டுமரத்தோடு துறையில் காத்திருந்தான். குப்பத்துக்கு வந்ததும் இரண்டு இறகுத் தண்டையும் அவளே உருவி எறிந்தாள். வெந்நீரில் கழுவி, துணி வைத்துக் கட்டினாள். பன்னிரண்டு நாள் கசிந்தது. கசிந்ததைப் பிழிந்து குடிக்க வேண்டியிருக்கவில்லை, மிச்சமெல்லாம் தன் வழியே உள்ளே போயிற்று. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் காயம் மூடிக்கொண்டது.

துபாஷி ஒரு தடவை தேடிக்கொண்டு வந்தார். கப்பல் கிளம்பப்போகிறது, துரை பித்துப் பிடித்தவர் போலத் திரிகிறார், ஆள் வராவிட்டால் ஜாடியாவது நிரம்ப வேண்டும் என்றார். குப்பம்மாள் அன்றைய கெளுத்தியையெல்லாம் அவர் முன்னாலேயே அரிந்து, ஜாடியை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள். அவர் மெழுகு வைத்து மூடி, பத்திரமாக எடுத்துப் போனார். அது எங்கே போய்ச் சேர்ந்தது, எந்தப் பண்டிதன் விரல் முக்கி நாக்கில் வைத்தான் என்று அவள் பிறகு விசாரிக்கவே இல்லை.

பொன்னுரங்கம்தான் வெகுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பார்க்க யாரும் வருவதில்லை. காட்ட ஓட்டையும் இல்லை. மாசியில் ஒரு நாள் பொன்னேரியிலிருந்து கருவாடு வாங்க வந்தவர்களிடம் தழும்பைக் காட்டி அவனே பேச்சை ஆரம்பித்தான். முரல் ஒரு கட்டுமர நீளம் ஆகியிருந்தது. துரை ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பிழைக்கவைத்தான். உலாந்தா ராஜாவே பார்க்க ஆசைப்பட்டான், இவன்தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்தக் கதையில் குப்பம்மாள் ஒரே ஓர் இடத்தில் வந்தாள், கஞ்சி கொண்டுவருகிறவளாக.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போனார்கள்.

"கதை நல்லா கீது" என்றாள் பிறகு. "கேசவன் அப்பலேர்ந்து கட்டுமரத்தப் புடிச்சினு நிக்கறான். போ."

அவன் போனான்.